போலி லெனின்கிராடில் ஒரு நிஜக் கச்சேரி

தலைமுடியிலிருந்து தொடங்குவதுதான் முறை. இந்தக் குழுவில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பது அதுதான். நெற்றியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முடிக்கொம்பு. ஆள் வாசலில் நிற்கும்போதே அது கூடத்துக்குள் போய்விட்டிருக்கும். கீழே பார்த்தால், அதற்குப் போட்டியாக அதே அளவு முன்னால் நீண்டு கூராக முடியும் ஷூ. இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் சிரிக்காத ஒரு முகம். பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்த்தால் ஆள் அச்சு அசலாக ஒரு சதுர அடைப்புக்குறி.

இவர்கள் பெயர் லெனின்கிராட் கௌபாய்ஸ். உருவாக்கியவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். லெனின்கிராடுக்கும் இவர்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மாடு மேய்த்ததாகவும் தகவல் இல்லை.

இந்தக் குழு 1993 ஜூன் 12, சனிக்கிழமையன்று ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில் ஒரு கச்சேரி செய்தது. கூட வாசிக்க, பாட, ஆட அழைத்து வந்திருந்தது யாரை என்றால் அலெக்ஸாண்ட்ரோவ் குழுவை. உலகம் அதைச் செஞ்சேனைப் பாடகர் குழு என்று அழைக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், இஸ்திரி கலையாத ராணுவச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள். பார்க்க வந்தவர்கள் எழுபதாயிரம் பேர் என்பார்கள். ஊரின் மக்கள்தொகையே அப்போது ஐந்து லட்சம்தான். ஏழில் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு வந்த கணக்கு.

இதில் என்ன அதிசயம், ராணுவ பேண்ட் கோஷ்டி எங்கேதான் வாசிக்காது என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு முதலில் அந்தச் சதுக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஃபின்லாந்தின் சரித்திரத்தைச் சுருக்கினால் இரண்டு வரிதான். சுமார் அறுநூறு வருஷம் ஸ்வீடன் மிதித்தது. 1809இல் மிதிக்கும் பொறுப்பை ரஷ்யா எடுத்துக்கொண்டது. புது எஜமானரான ஜார் முதலாம் அலெக்ஸாண்டருக்குப் பழைய தலைநகரம் துர்க்கு பிடிக்கவில்லை. அங்கிருந்து ஸ்வீடன் கூப்பிடு தூரம். 1812இல் தலைநகரை ஹெல்சிங்கிக்கு மாற்றினார். அப்போது அது மீன் வாடை அடிக்கும் சின்ன ஊர். அதை நகரமாக்க கார்ல் லுட்விக் எங்கெல் என்ற ஜெர்மன்காரரைப் பிடித்தார்கள். அவர் பீட்டர்ஸ்பர்கில் வேலை பார்த்த மனிதர். கையில் இருந்த அச்சை எடுத்து அப்படியே இங்கே ஊற்றிவிட்டார். நடுவில் சதுக்கம், மேட்டில் வெள்ளைத் தேவாலயம், பக்கங்களில் செனட் கட்டடமும் பல்கலைக்கழகமும். பீட்டர்ஸ்பர்கின் சிறிய பதிப்பு தயார்.

இந்தச் சாயல் பிற்காலத்தில் நல்ல வருமானம் தந்தது. பனிப்போர் நாட்களில் சோவியத் மண்ணில் படமெடுக்க ஹாலிவுட்டுக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? நேரே ஹெல்சிங்கிக்கு வந்தார்கள். 'ரெட்ஸ்', 'கோர்க்கி பார்க்' எல்லாம் இங்கே வந்து எடுத்ததுதான். உலகத்துக்கே ரஷ்யாவாக நடித்துக் காசு பார்த்த ஊர் இது. ஆகவே பொய் லெனின்கிராட்காரர்களுக்குப் பொய் லெனின்கிராடைவிடப் பொருத்தமான மேடை வேறெங்கே கிடைக்கும்?

சதுக்கத்தின் நட்டநடுவே ஜார் இரண்டாம் அலெக்ஸாண்டர் சிலையாக நிற்கிறார். 1894இல் வைத்தது. ஃபின்லாந்துக்காரர்களுக்கு இவர்மீது கொஞ்சம் பிரியம் உண்டு. பல்லாண்டுகள் கூட்டப்படாமல் கிடந்த அவர்களுடைய மன்றத்தை 1863இல் கூட்டவைத்தவர் இவர். இவருடைய பேரன் நிக்கோலஸ் 1899இல் அந்த உரிமைகளைப் பிடுங்கத் தொடங்கியபோது ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லெறியவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து தாத்தா சிலைக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். பேரனுக்கு இதைவிட உறைக்கிற மாதிரி ஒரு திட்டு கிடையாது. எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சக்கரவர்த்திக்குப் பூ வைத்த குற்றத்துக்கா?

எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. 1904இல் ரஷ்ய கவர்னர் ஜெனரல் பொப்ரிகோவை ஓர் இளைஞர் இதே சதுக்கத்து செனட் கட்டடத்தின் மாடிப்படியில் வைத்துச் சுட்டுவிட்டார். அதையும் சொல்லிவைக்கிறேன். நமது மேடை எவ்வளவு கனமான மண்ணில் போடப்பட்டது என்று தெரியவேண்டும் அல்லவா?

1917இல் சுதந்திரம். 1939 நவம்பர் கடைசியில் செஞ்சேனை எல்லை தாண்டியது, ஹெல்சிங்கிமேல் குண்டும் விழுந்தது. சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் கொஞ்சமும் கூசாமல், நாங்கள் போடுவது குண்டல்ல, பசித்த மக்களுக்கு உணவு என்றார். ஃபின்லாந்துக்காரர்கள் அந்தக் குண்டுக்கு 'மோலோடோவின் ரொட்டிக்கூடை' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாடு போடுகிறவருக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கவேண்டாமா என்று, பாட்டிலில் எரிபொருளை ஊற்றித் திரியைக் கொளுத்தி டாங்கிகள்மேல் எறிந்தார்கள். அதற்கு 'மோலோடோவ் காக்டெய்ல்'. உலகம் முழுக்க இன்றும் அந்தப் பெயர்தான். லட்சக்கணக்கான பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தது அரசாங்கத்தின் சாராயக் கம்பெனி ஆல்கோ. பக்கத்து வீட்டு முரடனை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிண்டல் செய்யும் கலை இவர்களுக்கு அன்றே கைவந்திருந்தது.

போர் முடிந்தபோது கிண்டலும் முடிந்தது. முப்பது கோடி டாலர் மதிப்புக்கு நஷ்டஈடு கட்டு என்றது மாஸ்கோ. கப்பலாக, இயந்திரமாக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 1952 வரை கட்டித் தீர்த்தார்கள். அதன்பிறகு நாற்பது வருஷம் மாஸ்கோவைப் பற்றி எது பேசினாலும் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம். கெக்கோனென் என்ற ஒரே ஜனாதிபதி 1956 முதல் 1982 வரை நாற்காலியில் இருந்தார். அவருடைய முக்கிய வேலை அண்டை வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது. ரென்னி ஹார்லின் என்ற உள்ளூர்ப் பையன் சோவியத்தைக் கரித்துக்கொட்டி 'பார்ன் அமெரிக்கன்' என்றொரு படமெடுத்தபோது ஃபின்லாந்திலேயே அதைத் தடை செய்தார்கள். அது 1986.

அதே 1986இல் அகி கௌரிஸ்மாகி என்ற இயக்குநர் ஒரு குட்டிப் படம் எடுத்தார். ஹாலிவுட்டின் நாலாவது 'ராக்கி' படத்தில் அமெரிக்க வீரன் சோவியத் ராட்சதனை அடித்து வீழ்த்தியதை ஊரே பார்த்திருந்த நேரம். கௌரிஸ்மாகி 'ராக்கி 6' என்று பெயர் வைத்து, மலைபோல ஒரு ரஷ்யன் நோஞ்சான் அமெரிக்கனைப் போட்டுத் துவைப்பதாக எடுத்தார். யாரைக் கேலி செய்கிறார்? ரஷ்யாவையா, அமெரிக்காவையா? தணிக்கைக்காரர் மண்டையைச் சொறிய வேண்டியதுதான்.

கௌபாய்கள் பிறந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். சக்கே யார்வென்பா, மாத்தோ வல்தோனென் என்று இரண்டு பேர் எழுபதுகளிலிருந்து ஸ்லீப்பி ஸ்லீப்பர்ஸ் என்ற பெயரில் ஒரு கோமாளிக் குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். கௌரிஸ்மாகியோடு சேர்ந்து இந்த முடியையும் ஷூவையும் யோசித்தது அவர்கள். 1989இல் முழுநீளப் படமாக வந்தது 'லெனின்கிராட் கௌபாய்ஸ் கோ அமெரிக்கா'.

கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கோ பனிப்பாலையில் உலகத்திலேயே மட்டமான ஒரு குழு. கேட்டுப் பார்த்த ஏஜெண்ட், இது இங்கே போணியாகாது, அமெரிக்காவுக்குப் போங்கள், அங்கே எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள் என்று வழியனுப்புகிறார். கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் பேஸ் கிதார்க்காரர் வெளியே ராத்திரி முழுக்கப் பயிற்சி செய்து விறைத்துப்போயிருக்கிறார். விட்டுவிட்டுப் போக முடியுமா? சவப்பெட்டியில் வைத்துக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். முடிக்கும் ஷூவுக்கும் கிதார் கழுத்துக்கும் பெட்டியில் தனித்தனியாக ஓட்டை போட்டிருக்கும். படம் முழுக்க அந்தப் பெட்டி அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கிறது. காருக்குள்ளே மானேஜர் விளாடிமிர் பீர் குடிக்கிறார், குழு பச்சை வெங்காயம் தின்கிறது. அதிகாரம் என்றால் என்ன என்று இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் படம்பிடித்து நான் பார்த்ததில்லை. ஒருவரும் சிரிப்பதில்லை, ஒருவரும் அழுவதில்லை. நாம்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

படத்துக்காகப் பொய்யாகச் செய்த குழு, படம் ஓடியதும் நிஜமாகவே ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டது. அதற்குள் நிஜமாக இருந்தவை பொய்யாகிக்கொண்டிருந்தன. 1991 ஜூன் 12 அன்று லெனின்கிராடில் ஓட்டெடுப்பு நடந்தது. ஊருக்கு லெனின் பெயர் வேண்டாம், பழைய பீட்டர்ஸ்பர்க் போதும் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் சோவியத் யூனியனும் கடையைக் கட்டியது. ஆக உலகத்தில் லெனின்கிராட் என்ற பெயரை விடாமல் சுமந்தவர்களில் இந்தப் பொய்க்காரர்களும் சேர்த்தி. தேதியைக் கவனித்தீர்களா? ஓட்டெடுப்பு நடந்து சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே நாளில் கச்சேரி. ஜூன் 12 ஹெல்சிங்கியின் பிறந்தநாள் வேறு, 1550இல் ஸ்வீடன் ராஜா ஊரை நிறுவிய நாள். ரஷ்யா தன் இறையாண்மையை 1990இல் அறிவித்ததும் ஜூன் 12தான். பஞ்சாங்கக்காரரே உட்கார்ந்து குறித்திருந்தாலும் இப்படி ஒரு முகூர்த்தம் அமையாது.

அலெக்ஸாண்ட்ரோவ் குழுவுக்கு வருவோம். 1928இல் பன்னிரண்டே பேருடன் தொடங்கியது. நிறுவியவர் அலெக்ஸாண்டர் அலெக்ஸாண்ட்ரோவ், சோவியத் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த அதே ஆள். 1948இல் இடிபாடாகக் கிடந்த பெர்லினில், நகரத்தின் மேற்குப் பாதியை மாஸ்கோ பட்டினி போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு சதுக்கத்தில் பாடி ஜெர்மானியரையே கைதட்ட வைத்தவர்கள். டாங்கி போக முடியாத இடத்துக்கு இவர்களை அனுப்புவார்கள். சில சமயம் டாங்கி போன இடத்துக்கும் அனுப்புவார்கள். அவர்கள் பேரிலிருந்த செஞ்சேனை 1946இலேயே சோவியத் ராணுவம் என்று பெயர் மாறி, 1991க்குப் பிறகு அந்தப் பெயருக்கும் ஆளில்லாமல் போனது. ரூபிள் காற்றில் பறந்துகொண்டிருந்தது. முன்பு அரசியல் குழு ஒப்புதல் தராமல் அசையாத கூட்டம் இப்போது யார் நல்ல விலை பேசினாலும் பெட்டியைக் கட்டத் தயார்.

ஃபின்லாந்தும் கொழித்துக்கொண்டிருக்கவில்லை. சோவியத் வியாபாரம் படுத்ததும், வங்கிகள் கவிழ்ந்ததுமாக, 1990இல் 3 சதவீதம் சொச்சமாக இருந்த வேலையின்மை 1993இல் 16 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சதுக்கத்தில் நின்ற கூட்டத்தில் எத்தனை பேருக்குத் திங்கட்கிழமை போக ஓர் அலுவலகம் இருந்தது என்று யோசித்தால், அந்த ஆரவாரம் வேறு மாதிரிக் கேட்கிறது.

ஹெல்சிங்கியில் ஜூன் மாதம் இரவு பத்தரைக்கு மேல்தான் சூரியன் இறங்கும். நல்ல வெளிச்சத்தில், எதையும் மறைக்க வழியில்லாமல், கச்சேரி தொடங்கியது. முதல் உருப்படி சிபெலியஸின் 'ஃபின்லாண்டியா'.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'ஃபின்லாண்டியா' 1899இல் ஜாரின் தணிக்கைக்கு எதிரான ஒரு விழாவுக்காகப் பிறந்த இசை. ரஷ்யக் காவல் கண்ணில் படாமலிருக்க வேறு வேறு பெயர்களில் வாசிக்கப்பட்டது. அந்த மெட்டுக்கு இன்று நாடே பாடும் வரிகள் 1940இல், செஞ்சேனையின் குண்டு விழுந்த சூட்டோடு எழுதப்பட்டவை. அந்த உருப்படியை, ஜார் சிலைக்கு எதிரே, செஞ்சேனையின் வாரிசுகள் நெஞ்சு நிமிர்த்தி வழங்குகிறார்கள். பக்கத்தில் முடிக்கொம்புகள் தேசபக்தியுடன் ஆடாமல் நிற்கின்றன. சிபெலியஸ் இருந்திருந்தால் ஒரு சுருட்டைப் பற்றவைத்திருப்பார். அழுவதா சிரிப்பதா என்று எழுபதாயிரம் பேருக்கும் ஒரே சமயத்தில் குழப்பம் வந்த இடம் அதுதான் என்பது என் ஊகம்.

பிறகு கலந்து கட்டி அடித்தார்கள். ஒரு பக்கம் 'கலின்கா', வோல்கா படகோட்டிகளின் பாட்டு, 'கருவிழிகள்'. இன்னொரு பக்கம் டாம் ஜோன்ஸின் 'டெலைலா', பாப் டிலனின் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்', இஸட் இஸட் டாப், லினர்ட் ஸ்கினர்ட். 'டெலைலா' ஒருவன் பொறாமையில் காதலியைக் குத்திக் கொல்லும் கதை. அதை ராணுவப் பாடகர்கள் அஞ்சலி செலுத்தும் முகத்தோடு பாடினால் எப்படி இருக்கும்? கொலை வழக்குக்கு அரசு மரியாதை கிடைத்ததுபோல இருக்கிறது. 'ஸ்வீட் ஹோம் அலபாமா' இன்னும் மோசம், அதாவது இன்னும் அற்புதம். அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் மண்பாசத்தைச் சோவியத் பதக்கம் அணிந்த நடுவயது மனிதர்கள் நிஜமான ஏக்கத்துடன் பாடுகிறார்கள். பனிப்போரில் அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டியும் வாங்க முடியாத காட்சி இது. இரண்டு கோமாளிகள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நகைச்சுவை எங்கே வேலை செய்கிறது என்று கூர்ந்து பார்த்தால், அது முடியில் இல்லை, ஷூவிலும் இல்லை. பாடகர் குழு தன் வேலையில் ஒரு நூல் இழைகூடக் குறைக்கவில்லை என்பதில் இருக்கிறது. கோமாளியோடு சேர்ந்துவிட்டோமே என்று அவர்களும் கோமாளித்தனம் பண்ணியிருந்தால் பத்து நிமிஷத்தில் அலுத்திருக்கும். டிலன் பாட்டின் பல்லவியை ஒல்லியான ஒரு குரல் பாடிக் கேட்டுப் பழகிய நமக்கு, நூறு ஆண்கள் அடிவயிற்றிலிருந்து அதை எடுக்கும்போது முதுகு நிமிர்ந்துவிடுகிறது. சொர்க்கத்தின் கதவைத் தட்டுவது போய், ஜப்தி வாரண்டோடு வந்து நிற்கிற தோரணை. 'கலின்கா'வில் நடனக்காரர்கள் குந்தியபடியே காலை வீசி வீசித் தாவுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கௌபாய்கள் ஷூ முனை தடுக்காமல் நகர்வதே ஒரு சாகசம். உண்மையைச் சொன்னால் ராக் குழுவாக இவர்கள் சுமார் ரகம். அது தெரிந்தே அவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். மேடை முழுக்கப் பொய் நிறைந்திருந்த அன்று, பொய்யில்லாத ஒரே சங்கதி அந்தக் குரல்கள்தான்.

'தோஸ் வேர் த டேஸ்' பாட்டையும் விடுவதற்கில்லை. 1968இல் மேரி ஹாப்கின் பாடி, பால் மெக்கார்ட்னி தயாரித்து, லண்டன் சரக்கு என்று உலகம் நம்பிய பாட்டு. அசலில் அது போரிஸ் ஃபோமின் மெட்டமைத்த ரஷ்யப் பாட்டு. மாஸ்கோவில் புறப்பட்டு லண்டனில் வேஷம் மாற்றி ஹெல்சிங்கி வந்தபோது, சொந்தக்காரர்களே மேடையில் நின்று வரவேற்றார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் கௌரிஸ்மாகி படமாக்கி 1994இல் 'டோட்டல் பாலலைகா ஷோ' என்று வெளியிட்டார். அதே வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் எம்டிவி விருது விழா. ரேடியோ சிட்டி அரங்கில் இதே ஜோடி ஏறி அமெரிக்கர்களுக்கே அலபாமா பாட்டைப் பாடிக் காட்டியது. 1989 படத்தில் அந்த ஏஜெண்ட் சொன்னது பலித்துவிட்டது.

2016 டிசம்பர் 25 அன்று சிரியாவிலிருந்த ரஷ்யப் படையினருக்குப் பாடப் போனவர்களை ஏற்றிச் சென்ற விமானம் சோச்சிக்கு அருகே கருங்கடலில் விழுந்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் 64 பேர் அலெக்ஸாண்ட்ரோவ் குழுவினர். யார் அனுப்பினாலும் போய்ப் பாடவேண்டிய வேலை அவர்களுடையது. ஹெல்சிங்கியில் கைதட்டலுக்குப் போனார்கள், அன்று போருக்குப் போனார்கள். குழுவைப் பின்பு புதிதாகக் கட்டினார்கள்.

ஃபின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவில் சேர்ந்தது. அதே ஆண்டுக் கடைசியில் ரஷ்ய எல்லைச் சாலைகளை மூடியது. இரண்டாம் அலெக்ஸாண்டர் சிலையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

'டோட்டல் பாலலைகா ஷோ' ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். போனில் பார்க்காதீர்கள், பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் வேண்டும். ஷூ சட்டத்துக்குள் அடங்காது, அந்த அடிக்குரல்கள் காதுக்குழாய்க்குள் அடங்காது.